முன் வரிசைக்கு யார் சொல்வது?

பாபிலோனிலே சிறைப்பட்டுக் கிடந்த யூதரிடையே, ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன்னர், எசேக்கியேல் என்றொருவர் வாழ்ந்தார். தீர்க்கதரிசி என்று கிறித்தவ உலகம் அவரைப் போற்றுகிறது. அவர் பெயரால் வழங்கும் நூலில், 3ஆம் அதிகாரத்தில் தொடங்கி 33ஆம் அதிகாரத்தில் விரிக்கப்படும் உவமை ஒன்றுண்டு. ஊர் மதில்மேல் காவற்காரன் நிற்கிறான். தொலைவிலே பகைவனின் வாள் பளபளக்கிறது. கண்டவுடன் அவன் எக்காளம் ஊதிவிட்டால், கேட்டும் கேளாதிருந்தவன் சாவுக்கு அவனே பொறுப்பு. கண்டும் ஊதாமல் இருந்துவிட்டாலோ, மாண்டவன் சிந்திய குருதிக்குக் காவற்காரன் கணக்குக் கொடுத்தாக வேண்டும்!

பாவத்தைக் குறித்து மக்களை எச்சரிப்பது தம் கடமை என்று கிறித்தவப் போதகர்கள் கூறும்போது, அவர்கள் ஊன்றி நிற்கும் தூண் இந்த உவமைதான். "சொல்லாவிட்டால் எங்கள்மேல் பழி வருமே, ஐயா" என்பர்.

பாவமாவது புண்ணியமாவது, எல்லாம் புரட்டு என்று ஒரே வீச்சில் தள்ளிவிட்டுப் போகலாமே என்பர் நம் தோழர்களிலே சிலர். தள்ளலாம், எளிது. எளிது என்பதாலேயே அதை நான் செய்யப்போவதில்லை. வானத்திலே தண்டிப்பவன் உண்டா இல்லையா என்னும் வழக்கு ஒருபுறம் கிடக்கட்டும். மனிதனுக்கு மனிதன் இழைக்கும் கேடு மண்ணிலே உண்டு. அதனை முதலில் கண்டவன் கூவியாக வேண்டும். அந்த அளவில் காவற்காரன் உவமை நமக்கும் உடன்பாடே. ஆகவே, குருமாரைப் பார்த்து "நீங்கள் ஏன் எச்சரிக்கிறீர்கள்?" என்று கேட்கப்போவதில்லை. யாரை எச்சரித்தீர்கள்? வாள் யார் கையில் இருந்தது? எக்காளத்தின் வாய் எத்திசை நோக்கியிருந்தது? கேள்வி இது.

வள்ளுவர் இடித்துரைக்கும் பெரியாரைத் துணையாகக் கொள்ளச் சொன்னாரே, யாருக்குச் சொன்னார்? ஏர் பிடித்த உழவனுக்கா? இல்லை. முடி சூடிய மன்னனுக்கு! கேடு செய்யும் ஆற்றல் எங்கே மிகுதியோ அங்கேதான் இடித்துரை முதலில் போய் விழ வேண்டும். எசேக்கியேலும் அப்படித்தான் கருதியிருக்கிறார். 33ஆம் அதிகாரத்தை மேடைதோறும் முழங்கும் போதகர்கள் அடுத்த ஏட்டைப் புரட்டினால் 34 வரும். அங்கே ஆடுகளை மேய்க்காமல் கொழுப்பைத் தின்று, மயிரைக் கத்தரித்து உடுத்திக்கொண்ட மேய்ப்பர்கள்மேல் சீறுகிறார் அதே எசேக்கியேல். இன்னும் சற்று முன்னே போனால் 16ஆம் அதிகாரம். சோதோம் நகரம் எதனால் அழிந்தது? காமத்தால் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எசேக்கியேல் முதலில் அடுக்கும் குற்றங்களோ செருக்கு, வயிறு புடைத்த வாழ்வு, ஏழையின் கையைத் தாங்காமை. இந்தப் பகுதியை வைத்து எத்தனை சொற்பொழிவு கேட்டிருக்கிறீர்கள்?

நான் பணிபுரிவது நீலகிரியிலே. ஆகையால் இந்த மலையை வைத்தே பார்ப்போம்.

உதகையில் புனித ஸ்தேவான் ஆலயம் இருக்கிறது. 1829இல் ஆளுநர் லஷிங்டன் அடிக்கல் நாட்ட எழுந்தது. பார்க்க அழகானது, மறுப்பதற்கில்லை. அதன் கூரையைத் தாங்கும் பெருமரங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? சீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்து, உத்தரங்களை மலைமேல் ஏற்றினார்கள். வென்றவன் கொண்டுவந்த மரத்தின்கீழ், வென்றவர்கள் வரிசை வரிசையாக அமர்ந்து, களவு கூடாதென்னும் கட்டளையைப் பயபக்தியோடு கேட்டனர். தலையை நிமிர்த்தி மேலே பார்த்தவர் எத்தனை பேரோ!

இது துரைமார் ஆலயத்தின் கதை. மலைமக்களிடையே எச்சரிக்கை போனது வேறு வழியாக. 1846இல் பாசெல் மிஷனார் கேத்தியில் வந்து தங்கினர். ஓய்வுபெற்ற வெள்ளை அதிகாரி காசமேஜர் என்பவரின் செல்வம் அவர்களுக்குத் துணையாயிற்று. அவர்களிலே மெட்ஸ் என்னும் ஜெர்மானியர் குறிப்பிடத்தக்கவர். படுகர் மொழியைக் கற்றார், ஊர் ஊராக நடந்தார், குளிரிலும் மழையிலும் திண்ணைகளில் அமர்ந்து பேசினார். உழைப்பைக் குறை சொல்ல முடியாது. இந்த மலையில் எழுத்தறிவு பரவியதில் மிஷன் பள்ளிகளுக்குள்ள பங்கையும் நான் மறைக்கப்போவதில்லை, மறைத்தால் அது பள்ளி ஆசிரியனுக்கு அழகன்று. ஆனால் அவர் கொண்டுவந்த செய்தி என்ன? நீங்கள் பாவிகள், இதை உணருங்கள் என்பது. பாவம் என்றால் என்னவென்று அறியாத மக்களுக்கு அறிவிக்க வந்ததாகத்தான் எண்ணம்.

அறியாத மக்களா? இங்கேதான் விந்தை. பாவத்தைப் பட்டியல் போட்டுப் பாடுவதில் படுகரை விஞ்ச மிஷனாரால் ஆகாது! சாவு நேர்ந்தால், பிணத்தை ஊர்ப்புறத்தே கொண்டுவந்து வைத்து, முதியவர் ஒருவர் தலைமாட்டில் நின்று, மாண்டவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாக ஓதுவார். ஒவ்வோர் அடியின் ஈற்றுச் சொல்லையும் கூட்டம் திரும்பச் சொல்லும். கருஹரசுவது என்பது இதன் பெயர். பாவங்களின் மொத்தக் கணக்கு 1,300 என்பது மரபு. ஓதி முடித்ததும், எருமைக் கன்றொன்றின்மேல் அத்தனையையும் ஏற்றி அதனை ஓட்டிவிடுவர். அக்கன்றை அதன்பின் யாரும் வேலை வாங்கக்கூடாது. 1832இல் ஹார்க்னஸ் இச்சடங்கைப் பற்றி எழுதினார். பின்னர் மெட்ஸ் எழுதினார். 1871இல் கோவரும் 1909இல் தர்ஸ்டனும் விரித்தெழுதினர். பிரேசர் தம் புகழ்பெற்ற 'பொற்கிளை' நூலில் இதை யூதரின் பலியாட்டோடு ஒப்பிட்டு, உலகறியச் செய்தார்.

தர்ஸ்டன் தரும் பட்டியலை இலக்கியமாகப் படித்துப் பாருங்கள். எல்லைக் கல்லை நகர்த்தி நட்டவன். வழிப்போக்கனுக்குத் தவறான பாதை காட்டியவன். பசித்து வந்தவனுக்குச் சோறிடாதவன். அடுத்த வீட்டு எருமை நிறையப் பால் கறக்கிறதே என்று வயிறெரிந்தவன். ஏரிக்கரையை உடைத்தவன். தண்ணீரில் அழுக்கைக் கலந்தவன். திண்ணையில் தான் உட்கார்ந்துகொண்டு மாமியாரை விரட்டியவன். மருமகள்களைத் துன்புறுத்தியவன். விறைத்து வந்தவனுக்கு நெருப்புத் தர மறுத்தவன்! உதகையின் உறைபனியில் ஓரிரவு கழித்தவர்க்கே இந்தக் கடைசிப் பாவத்தின் கொடுமை விளங்கும். சமவெளியில் உட்கார்ந்து எழுதிய எந்த அறநூலுக்கும் இது தோன்றியிராது. அம்மட்டோ! மேலதிகாரியிடம் கோள் மூட்டியவனும் பட்டியலில் இருக்கிறான். ஆட்சியை அண்டிப் பிழைத்தோரின் பெயர்களெல்லாம் கல்வெட்டில் ஏறிய காலத்தில், ஒரு மலைநாட்டுச் சாவுப் பாட்டு அவனைப் பாவி என்று ஓதிக்கொண்டிருந்திருக்கிறது.

பூசாரிக்கு நன்றி மறந்தது, நெருப்பை அவமதித்தது போன்ற சடங்குப் பிழைகளும் ஊடே வருகின்றன. இல்லையென்று சொல்லவில்லை. ஆயினும் பெரும்பகுதி, மனிதன் மனிதனுக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் செய்த தீங்கே. இன்ன தெய்வத்தை நம்பாதது பாவம் என்ற வரியை அதில் நான் காணவில்லை.

உடனே, "பார்த்தாயா, நம் பழமையின் பெருமையை!" என்று மார்தட்டக் கிளம்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். கன்றின்மேல் பாவத்தை ஏற்றி ஓட்டிவிட்டால், நகர்த்திய எல்லைக் கல் தன் இடத்துக்குத் திரும்பிவிடுமா? நிலத்தை இழந்தவனுக்கு நிலம் வருமா? கன்று பாவம் ஒன்றும் அறியாதது. அதன் முதுகிலே ஊரார் கணக்கை எழுதிவிட்டு வீடு திரும்புவது தப்பித்தல்தான். ஒருவர் சிலுவையில் தொங்கியதால் எல்லார் கணக்கும் தீர்ந்தது என்பதும் அதே வழக்கின் பெரிய பதிப்பு. ஆகவே மெட்ஸ் பாதிரியார் படுகரிடம் கொண்டுபோனது, அவர்களிடம் முன்பே இருந்த சரக்கு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, அது பெரிது. கருஹரசுவதைக் கேட்டு நின்றவர்கள் உயிரோடிருப்பவர்கள். ஊர்த் தலைவனும் கேட்டான், கூலியாளும் கேட்டான். எல்லைக் கல்லை நகர்த்தியவன் அந்தக் கூட்டத்திலேயே நின்று, ஈற்றுச் சொல்லைத் திரும்பச் சொல்லியாக வேண்டும். அங்கே முன் வரிசை பின் வரிசை இல்லை.

தேயிலைத் தோட்டத்திலோ இரண்டு வரிசையும் இருந்தன.

தோட்டம் எப்படி ஆள் சேர்த்தது என்பதை நினைவிற் கொள்க. பஞ்சம் வாட்டிய சமவெளிச் சிற்றூரில் கங்காணி போய் இறங்குவான். முன்பணம் தருவான். அந்தப் பணமே தளை. கூலியில் கழிப்பார்கள், கழியக் கழியக் கடன் வளரும். வேலையை விட்டுப் போனால்? 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் காத்திருந்தது. முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டு நீங்கினால், நீதிபதி அவனைப் பணத்தைத் திருப்பித் தரவோ வேலைக்குத் திரும்பவோ ஆணையிடலாம். மறுத்தால் மூன்று திங்கள் வரை சிறை! வேலை கொடுத்தவன் சொல் தவறினால் அவனுக்குச் சிறையில்லை, கவனியுங்கள். போதாதென்று தோட்டக்காரர்களுக்கென்றே 1903இல் சென்னை மாகாணம் தனிச் சட்டமும் செய்து தந்தது. முதற்சட்டம் நீங்கியது 1925இல்.

இனி ஒரு மொழிச் செய்தி. ஏசு கற்பித்ததாகச் சொல்லப்படும் செபம் மத்தேயு நூலில் இருக்கிறது. அதன் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், மன்னிப்புக் கோரும் இடத்தில் வருவது பாவம் என்னும் சொல் அன்று, கடன் என்னும் சொல்! கடனாளிக்குக் கடனை விட்டுவிடுவதுபோல் எம் கடனும் விடப்பட வேண்டும் என்பது வேண்டுதல். தோட்டத்துச் சிற்றாலயத்தில் அதை ஓதியவன் கங்காணியின் ஏட்டில் கடனாளியாகப் பதிவானவன். உதகையின் பெரிய ஆலயத்தில் அதையே ஆங்கிலத்தில் ஓதியவர், அந்தக் கடனைப் பிடித்து ஆளைக் கட்டி வைத்த துரை. இருவருக்கும் நடுவே நின்றவர் குரு. இதைவிட எளிதாய் ஒரு காவற்காரனுக்கு எக்காளம் கையில் கொடுக்கப்பட்டதுண்டா? 1859 முதல் 1925 வரை 66 ஆண்டுகள். ஆண்டுக்கு 52 ஞாயிறு என்றாலும் 3,432 ஞாயிற்றுக்கிழமைகள். அவற்றில் எத்தனை கிழமை, முன் வரிசையைப் பார்த்து, "உம் பேரேட்டிலே இருப்பது பாவம்" என்று சொல்லப்பட்டது?

மருத்துவர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவலைத் தோழர்கள் தவறாமல் படிக்க வேண்டும். 2007இல் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்திருக்கிறார். நீலகிரிக்குத் தெற்கே ஆனைமலைத் தோட்டங்களின் கதை. கங்காணி, முன்பணம், கொள்ளைநோய், துரையின் பூட்சுக்கால் எல்லாம் நேரில் கண்டறிந்த மருத்துவரின் எழுத்தில் வருகின்றன. அதிலே எக்காளம் ஊதுபவன் பாதிரியார் அல்லன், ஆபிரகாம் என்னும் மருத்துவன். நோய்க்கு மருந்து தருவதோடு நில்லாமல், நோயை விளைவிக்கும் நிலையைத் துரையிடமே எடுத்துரைக்கிறான். இந்நாவலைத் தழுவி 2013இல் பாலா எடுத்த 'பரதேசி'யில் அந்த மருத்துவர் ஆளே மாறிப்போனார். ஆடிப்பாடி மதம் பரப்பும் கோமாளியாகி, மக்கள் செத்துக்கொண்டிருக்க ரொட்டியை நீட்டுகிறார். மூலநூலுக்கு இது அநீதி என்று அப்போதே எழுதினார்கள். எனக்கு அதனினும் பெரிய குறையொன்று படுகிறது. பாதிரிமேல் சாட்ட வேண்டிய குற்றத்தையே படம் தவறவிட்டுவிட்டது. ஏழையை மதம் மாற்றினான் என்பதா குற்றம்? ஏழை எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கொழுந்துக் கூடையின் பளு ஒன்றுதான். துரையை மாற்றாமல் விட்டான் என்பதன்றோ குற்றம்! துரை ஏற்கெனவே கிறித்தவன், ஞாயிறு தவறாதவன், அவனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தார்கள்.

சொன்னவர்களே இல்லையா? உண்டு. அவர்களை மறைத்து எழுதினால் நம் பேனாவே கோணலாகிவிடும். தெற்கே திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் தோளை மறைக்கும் உரிமைக்காக நடந்த நெடும்போரில், மீட் முதலான இலண்டன் மிஷன் குருமார் மேல்சாதியாரின் பகையைத் தேடிக்கொண்டு துணைநின்றனர். மன்னர் அரசின் ஆணை வந்தது 1859இல். மலையிலே கூலியாளைச் சிறைக்கனுப்பும் சட்டம் பிறந்ததும் அதே ஆண்டில் என்பது காலத்தின் நகைப்பு போலும். செங்கற்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி ஆகிய குருமார், சேரியில் ஒதுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் இல்லாததே கேடுகளின் வேர் என்று அரசுக்கு எடுத்துக் காட்டினர். கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையும் சேர்ந்து, 1892இல் பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி ஒழிந்தாக வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தனர். முன் வரிசைக்குச் சொன்னால் கிடைக்கும் பரிசு அது! வேறு பாதையும் இருந்தது. வடக்கன்குளத்தில் 1872இல், சாதிக்கொரு பக்கமாக, கால்சட்டையின் இரு கால்கள்போல் கோயிலைப் பிளந்தே கட்டினார்கள். நடுச்சுவர் இடிந்தது 1910இல்.

இன்றைய தோட்டத்துக்கு வருவோம். சென்ற ஆண்டு எழுப்புதல் கூட்டம் ஒன்றில் கடைசி வரை அமர்ந்து கேட்டேன். குடி பாவம், சினிமா பாவம், கைப்பேசி பாவம், பொட்டும் பூவும் பாவம். எதிரே இருந்தவர்கள் அன்று காலை மூடுபனியில் கொழுந்து கிள்ளிய பெண்கள். நிலுவையில் நிற்கும் வருங்கால வைப்பு நிதி, ஒழுகும் லைன் வீடு, வேலை ஓய்ந்த மறுநாள் அந்த வீட்டையும் காலி செய்ய வேண்டுமே என்னும் அச்சம் ஆகியவற்றுள் ஒன்றுகூட யாருடைய பாவமாகவும் அங்கே கருதப்படவில்லை. குடி கேடு, மறுப்பாரில்லை. ஆனால் குடிப்பவனுக்கு நரகம் காட்டும் நாக்கு, கடை திறந்தவன் பக்கம் ஏன் திரும்புவதில்லை? (காட்டு விலங்கின் காலில் குத்துகிறதென்று, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் என்னும் திட்டம் உயர்நீதிமன்றத்தின் முயற்சியால் 2022இல் நீலகிரிக்கு வந்தது. யானைக்காகப் பேச ஒரு மன்றம் இருக்கிறது, வாழ்க!)

எட்டாம் வகுப்பிலே என் மாணவன் ஒருவன், விடுமுறை கழிந்து வந்தவன், இடைவேளையில் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சார், எங்க பாட்டி இப்ப நெருப்புலயா இருக்கும்?" அந்த மூதாட்டி இலங்கையில் பிறந்து, அங்கே கொழுந்து கிள்ளியவர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்பாட்டில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்றே, அந்த எண்ணிக்கைக்குள் ஒருவர். அவரை யாரும் கேட்கவில்லை. கப்பலில் ஏற்றினார்கள், மலையில் இறக்கினார்கள், மறுபடி தேயிலைச் செடியின் முன்னே நிறுத்தினார்கள். திருமுழுக்குப் பெறாமலே செத்தாராம். ஆகவே நெருப்பாம். வீட்டுக்கு வந்த போதகர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு அரசுகள் ஐந்தேகால் இலட்சம் மனிதர்களைத் தட்டில் வைத்துப் பங்கிட்டது யார் கணக்கில் ஏறியது? அதற்கு நெருப்பு இல்லை, பாட்டிக்கு உண்டு! "இல்லையடா, பாட்டியை யாரும் எரிக்கவில்லை" என்றேன். நம்பினானா என்று முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. பாடம் தொடங்கும் மணி அடித்துவிட்டது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் நெஞ்சில் இத்தகைய அச்சத்தை இறக்குவதை எச்சரிக்கை என்று நான் ஒப்பமாட்டேன். மதில்மேல் நிற்பவனே வாளை உருவிக்கொண்டு ஊருக்குள் குதித்தது போன்றது அது.

எச்சரிக்கை எவ்வாறிருக்கும் என்று குருமார் உண்மையிலேயே கேட்பார்களாயின், அவர்கள் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1511 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. கொலம்பஸ் கண்ட ஹிஸ்பானியோலாத் தீவில் சாண்டோ டொமிங்கோ நகரம். அங்கே பொன் தோண்டவும் பயிரிடவும் பழங்குடியினரைப் பங்கிட்டு வாங்கியிருந்த ஸ்பானியப் பண்ணையாளர்கள் ஆலயத்தை நிறைத்திருந்தனர். முன்னே கொலம்பசின் மகனான ஆளுநர். அந்தோணியோ டி மொந்தேசினோஸ் என்னும் துறவி மேடையேறி, எந்த உரிமையில் இம்மக்களை இப்படிக் கொல்லும் உழைப்பில் வாட்டுகிறீர்கள், இவர்கள் மனிதரல்லரோ, இந்நிலையில் உங்களுக்கு மீட்பில்லை என்று முகத்துக்கு நேரே கேட்டார். ஊர் கொந்தளித்தது. ஆளுநரும் பெரியவர்களும் மடத்துக்கே போய், அடுத்த ஞாயிறு சொன்னதைத் திரும்பப் பெற்றாக வேண்டும் என்றனர். அடுத்த ஞாயிறு ஆலயம் வழிந்தது. மொந்தேசினோஸ் ஏறினார். முந்திய வாரம் சொன்னதை இன்னும் கடுமையாகச் சொல்லி, வழிப்பறிக்காரனுக்கு எப்படியோ அப்படியே உங்களுக்கும் இனிப் பாவசங்கீர்த்தனம் கேட்க மாட்டோம் என்று முடித்து இறங்கினார். அவர்கள் ஸ்பெயின் மன்னனுக்கு முறையிட்டார்கள், மன்னன் துறவிகளைக் கடிந்து எழுதினான். இந்நிகழ்ச்சியை நமக்கு எழுதி வைத்துப் போனவர் லாஸ் காசாஸ் என்னும் குரு. அவரும் அப்போது பழங்குடியினரைப் பங்காகப் பெற்றிருந்த பண்ணையாளரே. 1514இல் அவர் தம் பங்கு ஆட்களைத் துறந்தார்.